மாப்பிள்ளை ஒட்டச் சொன்ன டேப்

மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடைவீதியில், நாலு பேர் பார்க்கிற இடத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஒற்றைக் கையால் பிரமாதமாக ஓட்டுவார். அந்தத் தைரியத்தில் தன் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை இன்று பந்தயத் தடத்தில் விரட்டப்போகிறாராம். பக்கத்து சீட்டில் பெண்டாட்டி. வீடியோ எடுக்கும்போது சிரித்துக்கொண்டு உட்கார ஓர் ஆள் வேண்டாமா?

பெண்டாட்டிக்கு அண்ணன் ஒரு மெக்கானிக். "நீயும் வந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்ணா" என்று தங்கச்சி போனில் சொன்னதால், ஷெட்டைப் பூட்டிவிட்டு டூல் பெட்டியோடு வந்து நின்றான்.

காலையில் தடத்துப் பயிற்சியாளர் வண்டி ஓட்ட வந்த எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "ஓடும்போது எஞ்சின் போயிடுச்சுன்னா நடுவுல நிறுத்தாதீங்க. நியூட்ரலுக்குத் தள்ளிட்டு, உருட்டிக்கிட்டே ஓரத்துப் புல்லுக்குப் போயிடுங்க. வளைவுக்குப் பின்னாடி வர்றவனுக்கு நீங்க நிக்கிறது தெரியாது."

மாப்பிள்ளை அந்நேரம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ, கழற்றிவிட்டு ஒரு போட்டோ என்று மும்முரமாக இருந்தார். தங்கச்சிதான் பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் பானெட்டைத் தூக்குங்க, ஆயில் பாத்துடறேன்."

"மச்சான், உங்க ஷெட்டுக்கு வர்ற லொடலொட வண்டின்னு நெனச்சீங்களா? இதுக்குள்ள கம்ப்யூட்டர் இருக்கு. அதுவே எல்லாத்தையும் பாத்துக்கும்."

வேறு எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் ஸ்பேனர் பேசியிருக்கும். தங்கச்சி கண்ணாலேயே கெஞ்சினாள். "அவருக்கு எல்லாம் தெரியும்ணா." கல்யாணமாகி நாலு வருஷமாக இதே பாட்டுத்தான். அவர் எதைக் கெடுத்தாலும் இவள் பூசி மெழுகிவிடுவாள்.

வண்டி புறப்படுகிற நேரம், அவள் மீட்டர்ப் பக்கம் குனிந்து எதையோ ஒட்டினாள். மிச்சக் கறுப்பு டேப்பை ஜன்னல் வழியாக அண்ணனிடம் நீட்டினாள். அவனுடைய பெட்டியிலிருந்து எடுத்ததுதான்.

"எதுக்கு இது?"

"வீடியோல ஏதோ செவப்பா மின்னுதாம்ணா. மறைக்கச் சொன்னாரு."

வண்டி பறந்துவிட்டது. சிவப்பா? அட பாவி மனுஷா! மீட்டரில் சிவப்பாக மின்னுவது வேறு என்ன, ஆயில் விளக்குத்தான். எஞ்சினுக்குள் எண்ணெய் இல்லை என்று அந்தக் கம்ப்யூட்டர் தலையில் அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறது. இந்த மேதாவி அதன் வாயைப் பொத்திவிட்டு என் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு போகிறானே! மெக்கானிக் தடத்தோரம் நின்ற கொடிக்காரரைப் பார்த்து, "நிறுத்துங்க! அந்த மஞ்ச வண்டியை நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

கொடி எழும்புவதற்குள் வளைவுக்கு அப்பால் டமார் என்றது. கரும்புகை எழுந்தது.

புல்வெளிக்குக் குறுக்கே ஓடி வேலியைப் பிடித்தபோது அவன் பார்த்தது இதைத்தான். வளைவைத் தாண்டிய சரிவில், தடத்தின் நட்டநடுவில், வண்டி நின்றுவிட்டிருந்தது. ஓட்டுநர் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வீராதி வீரர் பிடரியில் கால் பட ஓடி, மதில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி உள்ளேயே இருந்தாள். பின்னால் இன்னொரு வண்டியின் உறுமல் நெருங்கிக்கொண்டிருந்தது.

மஞ்சள் வண்டி மெதுவாக அசைந்தது. பக்கத்து சீட்டிலிருந்து நீண்ட ஒரு கை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. வண்டி சரிவில் உருண்டு, புல்லுக்குள் இறங்கியது. அடுத்த நொடி பின்னால் வந்த வண்டி ஒரு முழம் இடைவெளியில் உரசாமல் பாய்ந்து போயிற்று.

புகை அடங்கியபின் மாப்பிள்ளை திரும்பி வந்தார், ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு. அதற்குள் பயிற்சியாளரும் வந்துவிட்டார்.

"பாத்தீங்களா மச்சான், எப்படிக் கன்ட்ரோல் பண்ணேன்னு? வேற எவனா இருந்தாலும் உருண்டிருப்பான். ஒரு விளக்குகூட எரியல சார், வித்தவனைச் சும்மா விடமாட்டேன். நீயே சொல்லும்மா, எரிஞ்சுதா?"

மெக்கானிக் தங்கச்சியின் முகத்தையே பார்த்தான். சொல்லிவிடுவாள், வழக்கம்போல 'இல்லை' என்று சொல்லிவிடுவாள் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வண்டிக்குள் குனிந்து டேப்பை உரித்தாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. டேப்பைக் கொண்டுவந்து புருஷனுடைய உள்ளங்கையில் ஒட்டினாள்.

"எரிஞ்சுது. நீங்க மறைக்கச் சொன்னீங்க, புத்தி கெட்டு நானும் ஒட்டினேன். இனிமே எதையாவது மறைக்கணும்னா நீங்களே ஒட்டிக்குங்க."

மாப்பிள்ளை உள்ளங்கை டேப்பை நகத்தால் உரிக்கப் பார்த்தார்.

இழுத்துப்போகிற வண்டி வந்தது. மெக்கானிக் கயிற்றை மாட்டினான். மஞ்சள் வண்டியின் ஸ்டியரிங்குக்கு முன்னால் தங்கச்சியே ஏறி உட்கார்ந்து, அண்ணனைப் பக்கத்தில் ஏறச் சொன்னாள்.

"அவரு?" என்றான் அண்ணன்.

"நடந்து வரட்டும்ணா. என்னை உள்ள விட்டுட்டு அவ்வளவு தூரம் ஓடினவருக்கு இது ஒரு தூரமா?"