கோ.கொ. என்று எழுதிய குழாய்

பதினோரு மணிக்குக் கூட்டம். எட்டரைக்கே ஸ்லைடுக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆய்வகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். பதினாறு வருஷமாகக் கண்ணாடித் தகடும் நுண்ணோக்கியுமாகக் குப்பை கொட்டுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

விஷயம் இதுதான். உண்ணி கடித்தால் மாட்டின் ரத்தத்தில் ஒரு ஒட்டுண்ணி ஏறிக் காய்ச்சலில் தள்ளிவிடும். அதன் உடம்பில் ஒரு குறிப்பிட்ட புரதம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மேல்தோலில் இருந்தால் தடுப்பூசிக்கு வழியுண்டு. உள்ளே பதுங்கியிருந்தால் அந்த ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். அந்தப் புரதத்தில் போய் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் சாயத்தை இரண்டு தகடுகளில் விடுவாள். ஒன்றில் ஒட்டுண்ணியின் தோலில் ஓட்டை போட்டிருக்கும், மற்றதில் தோல் முழுசாக இருக்கும். முழுத்தோலிலும் பச்சை தெரிந்தால் புரதம் வெளியேதான்.

போன வாரம் இரண்டிலும் பச்சை. யாரையும் லேசில் பாராட்டாத தலைமை ஆய்வாளர் டாக்டரம்மாவே தோளில் தட்டினார். அதற்கப்புறம் இவள் வாய் சும்மா இருக்குமா? காய்ச்சலுக்குப் பயந்து மாடுகளை விற்றுவிட நினைத்திருந்த தம்பிக்கு அன்றைக்கே போன் போட்டுவிட்டாள். "மாட்டையெல்லாம் வித்துடாதடா, ஊசி வரப்போகுது." வருவதற்குப் பத்து வருஷம் ஆகலாம் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டாள்.

இன்று கூட்டத்துக்காக நோட்டை நகலெடுக்கும்போதுதான் தன் கையெழுத்தே கண்ணைக் குத்தியது. இரண்டு தகடும் ஐந்து நிமிஷம் மெத்தனாலில். மெத்தனால் தோலை ஓட்டை போட்டுவிடும். முழுத்தோல் தகட்டுக்கு, தோலைக் கெடுக்காத ஃபார்மலின் எடுத்திருக்க வேண்டும். அவள் முழுசு என்று நம்பியதும் சல்லடைதான். இது அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

உறைபெட்டியிலிருந்து 'கோ.கொ.' குழாய் ஒன்றை எடுத்தாள். தம்பியின் கோணக்கொம்பிப் பசு இரண்டு மாதம் முன்பு காய்ச்சலில் கிடந்தபோது அவளே எடுத்துவந்த ரத்தம், அதிலிருந்து பிரித்த ஒட்டுண்ணி. டாக்டரம்மா அந்த எழுத்துகளை ஏதோ பெரிய அறிவியல் குறியீடு என்று நினைத்து அறிக்கையிலும் போட்டுவிட்டார். திருத்த இவளுக்கு வாய் வரவில்லை.

இந்தத் தடவை ஃபார்மலின். சாயம் ஊற ஒரு மணி நேரம். உட்கார்ந்தாள், எழுந்தாள், கழுவிய குடுவையையே திரும்பக் கழுவினாள். பச்சை தெரிந்துவிடட்டும், தெரிந்துவிடட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தெரியவில்லை. முழுத்தோல் தகடு கும்மிருட்டு. சாயம் கெட்டுப்போயிருக்குமோ என்று பார்த்தால், வெளியே இருப்பதாக முன்பே தெரிந்த வேறொரு புரதம் பக்கத்துத் தகட்டில் ஜம்மென்று ஒளிர்ந்தது. ஓட்டை போட்ட தகட்டில் இவளுடைய பச்சை, ஒட்டுண்ணிக்குள்ளே ஒரு மூலையில் ஒண்டியிருந்தது.

"டாக்டரம்மா, போன வாரத்தது தப்பு. என் கைத்தப்பு."

டாக்டரம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார். "பதினாறு வருஷக் கைக்கு மெத்தனாலா?" என்றார். பிறகு, "கூட்டத்துல நான் சொல்லிக்கிறேன். நீ நோட்டுல எழுதிடு." அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், நான் அவசரப்பட்டுட்டேன். அது வெளிய இல்ல, உள்ளதான் இருக்கு. விக்கணும்னா வித்துடு."

"கோணக்கொம்பி செவ்வாக்கிழமையே போயிடுச்சுக்கா. காய்ச்சல் திரும்பிடுச்சு. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தியா, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"நான் சொல்லலன்னா வித்திருப்பே இல்ல?"

"வித்திருப்பேன். வேற எவன் கொட்டில்லயாவது செத்திருக்கும். அழாதக்கா." மூக்கை உறிஞ்சினான். "அதோட ரத்தம் இன்னும் இருக்கா?"

"ரெண்டு குழாய் இருக்கு."

"அப்போ வெளிய என்னதான் இருக்குன்னு பாரு."

முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். அலமாரியிலிருந்து ஃபார்மலின் பாட்டிலை எடுத்து, மேலே ஒட்டியிருந்த பெயரை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தாள்.