கிளாசு வத்தி

பிணத்தின் தலைமாட்டில் எரியும் விளக்குக்கு யாரும் விலை கேட்பதில்லை. முனிராஜுக்குத் தெரியும், மூன்றணா. காலையில் அப்பாவைக் கிடத்தியதும், கடை அலமாரியில் பார்வையாக இருந்த ஒன்றை அவன்தான் எடுத்து ஏற்றினான். நிமிர்ந்தபோதுதான் செய்த தவறு உறைத்தது.

உலகச் சண்டை வந்து சீமெண்ணெய் ரேஷனுக்குப் போனபின் பாப்பாரப்பட்டியில் அப்பா குப்புராஜ் கண்டுபிடித்த சரக்கு அது. கண்ணாடித் தம்ளரில் விளக்கெண்ணெய், மேலே தகரம் சுற்றிய தக்கை, நடுவில் திரி. கிளாசு வத்தி என்று பேர் வைத்தார். தம்ளர் வெடிக்காமலிருக்க அடியில் கொஞ்சம் தண்ணீர் விடுவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். குப்புராஜ் அந்த வழக்கத்தை வளர்த்தார். முக்கால் தம்ளர் தண்ணீர். எண்ணெய் நிறம் வர ஒரு சிட்டிகை மஞ்சள். இரண்டும் சேரும் கோடு தெரியாமலிருக்க வெளியே சிவப்புக் காகிதப் பட்டை. விளிம்புவரை தளும்பும். "நெறஞ்ச சரக்கு" என்று அவர் சொன்னதில் பொய்யில்லை. மஞ்சள் கரைத்தது முனிராஜ்.

மாசியில் வத்தல்மலை செல்லி ஒரு வத்தியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மகளுக்கு நடுப் பிரசவத்தில் அணைந்துவிட்டதாம். மருத்துவச்சி இருட்டில் துழாவினாளாம். மகளும் தங்கவில்லை, பிள்ளையும் தங்கவில்லை. அழாமல் சொன்னாள். குப்புராஜ் தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காத்து பூந்திருக்கும் செல்லி. அதுக்கு வத்தி என்ன பண்ணும்?"

காலித் தம்ளருக்கு அரையணா நீட்டினார். அவள் வாங்கவில்லை.

இப்போது உச்சி தாண்டிவிட்டது. தங்கை தீர்த்தம்மாள் கம்பைநல்லூரிலிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் வரவேண்டும். அவள் முகம் பார்க்காமல் எடுக்க முடியாது. எடுக்கும்வரை விளக்கு அணையக்கூடாது. வீட்டில் எண்ணெய்க்குக் குறைவில்லை. ஊற்றத்தான் வழியில்லை. ஊற்றினால், நெறஞ்ச சரக்கு அரை நாளில் தீர்ந்தது தெரிந்துவிடும். தண்ணீரைக் கொட்டி ஊற்றலாம் என்றால், சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கடைக்கு வாடிக்கை.

வெல்லமண்டி நஞ்சப்பன் சுடரைப் பார்த்துத் தலையாட்டினார். "தான் செஞ்ச வத்தி தனக்கே நின்னு எரியுது. யாருக்குக் கெடைக்கும்?"

மனைவி மாதம்மாள் அவன் பின்னால் வந்து குனிந்தாள். "அகல் ஒன்னு பக்கத்துல ஏத்தட்டுங்களா?"

"ஏன்னு கேப்பாங்க."

அவள் கடைப்பக்கம் திரும்பினாள். அலமாரியில் விற்காத வத்திகள் வரிசையாக நின்றன. அவள் உள்ளே போய்விட்டாள்.

சந்தைக்கு வந்த செல்லி சேதி கேட்டு எட்டிப்பார்த்தபோது திரி தண்ணீரைத் தொட்டுப் படபடக்கத் தொடங்கியிருந்தது. அவள் கூடையில் இரண்டு புட்டி விளக்கெண்ணெய். மாசிக்குப் பிறகு கடையில் வாங்காமல், தானே கொட்டைமுத்து வறுத்து இடித்துக் காய்ச்சியது. யாரையும் கேட்கவில்லை. தலைமாட்டில் குந்தினாள். எரிகிற திரியோடு தக்கையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தம்ளரைக் கவிழ்த்தாள்.

மஞ்சள் தண்ணீர் சாணம் மெழுகிய தரையில் ஓடி நஞ்சப்பனின் காலடிவரை போனது. அவர் காலை இழுத்துக்கொண்டார். ஒப்பாரி நின்றது.

செல்லி புட்டியைச் சாய்த்துத் தம்ளரை நிரப்பித் தக்கையை மிதக்கவிட்டாள். சுடர் நிமிர்ந்தது.

"எங்கூட்டுலயும் இப்பிடித்தான் படபடன்னு சத்தம் வந்துச்சு, சாமி" என்றாள் முனிராஜிடம். "அன்னிக்குக் காத்தே இல்லை."

கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

பொழுது சாயத் தீர்த்தம்மாள் வந்தாள். எடுத்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பி, ஈரத்துணியோடு விளக்கைப் பார்க்க உள்ளே வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

முனிராஜ் கடைசியாக உட்கார்ந்தான். நனைந்த காகிதப் பட்டை கழன்று கிடந்தது. உள்ளே அடிவரை ஒரே நிறம். தம்ளரின் மேல் விரல்களை வைத்து அளந்தான். அவள் ஊற்றியது நான்கு விரல். மாசியில் அவளுக்கு விற்றது ஒரு விரல். இந்தப் பக்கம் பாக்கி, மூன்று விரல்.