ஜே, எச், கே, அரைப்புள்ளி

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலையில் காந்திமதியின் லேப்டாப் உயிர் பெறவில்லை. பொத்தானை அமுக்கினால் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு மினுங்கியது. திரை கறுப்பாகவே கிடந்தது. அக்காவின் கணவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய லேப்டாப். அவளுடைய எம்.ஃபில். ஆய்வு முழுவதும், நூற்றுப் பன்னிரண்டு பக்கம், அதற்குள் மட்டும்தான் இருந்தது. பேனா பிடித்தால் அவளுக்கு யோசனை ஓடாது. குரோம்பேட்டையில் தமிழ் டைப்ரைட்டிங் படித்த நாளிலிருந்து அப்படித்தான். விரல் விசையில் பட்டால்தான் வாக்கியம் வரும்.

அது தொண்ணூற்றெட்டாம் வருடத்து ஐப்பசி. இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் சேர்க்காவிட்டால் பதிவே ரத்து என்று கடிதம் வந்திருந்தது.

அஸ்தினாபுரத்திலிருந்து லேப்டாப்பை இரண்டு பாலிதீன் பைக்குள் போட்டு, மழையில் மேற்குத் தாம்பரம் வந்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை எங்கே என்று கேட்டதற்கு ஒரு பூக்காரம்மா, "நேரா போய், அந்த இடிஞ்ச சுவரு இருந்துச்சில்ல, அங்க திரும்பு" என்றாள். இல்லாத சுவரைத் தேடி காந்திமதி இரண்டு தெரு சுற்றினாள். தாம்பரம் வட்டார மக்கள் வழி சொல்லும் முறைதான் அவளுடைய ஆய்வுப் பொருள். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் நசீருதீன் அடைமழையிலும் விசிறியைச் சுழலவிட்டு உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பைத் திருப்பி, காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"போர்டு போச்சும்மா. இது எழுந்திருக்காது."

"உள்ள இருக்கற ஃபைல், பாய்?"

"அது வேற. வண்டி நின்னாலும் சரக்கு உள்ளதானே கீது. பாக்கலாம்."

அவர் நான்கு திருகாணிகளைக் கழற்றி, சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டியை உருவினார். அதுதான் ஹார்ட் டிஸ்க். சின்ன இணைப்பு ஒன்றை மாட்டித் தன் கம்ப்யூட்டரில் சொருகினார். கரகரவென்று ஏதோ சுற்றியது. திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. அவளுடைய கோப்பின் பெயரும் இருந்தது.

நசீருதீன் அதைத் திறந்தார்.

திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். சொல்லாகச் சேராத எழுத்துகள். நடுநடுவே அரைப்புள்ளி, சாய்கோடு. பக்கம் பக்கமாக அதேதான். வேற்று நாட்டு ஊரில் இறங்கிவிட்டவளைப் போல அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேஜாராச்சேம்மா" என்றார் நசீருதீன். "ஃபைல் கெட்டுப்போச்சு."

"நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு பாய். தமிழ்லதான் இருந்துச்சு."

"நான் கம்பெனி கம்ப்யூட்டருங்கதான் பாக்கறது. எல்லாம் இங்கிலீஷு. தமிழ் ஃபைல் இந்தக் கடைக்கு வந்ததில்ல." அவர் தாடையைச் சொறிந்தார். "ஒரு ரிப்பேர் ப்ரோகிராம் கீது. ஓட்டினா சரியானாலும் ஆவும். இருக்கறதும் அழிஞ்சாலும் அழியும். ஓட்டட்டுமா? நீதான் சொல்லணும்."

மணி பதினொன்று. ஓட்டினாலும் போகலாம், ஓட்டாவிட்டாலும் இது யாருக்கும் ஆகாது. "ஓட்டுங்க" என்று வாய் வரை வந்தது. கண் கலங்கியதை அவர் பார்க்கக் கூடாதென்று முகத்தை மட்டும் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கைகள் கண்ணாடி மேஜைமேல் கிடந்தன.

"தலைப்பு மாதிரி மேல பெரிசா ஒண்ணு கீது" என்றார் அவர் திரையைப் பார்த்தபடி. "இன்னா எழுதின நீ? ஜே, எச், கே, அரைப்புள்ளி, ஜி, யு, கே, மறுபடி அரைப்புள்ளி. இது எந்த ஊரு பாஷை?"

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல காந்திமதியின் விரல்கள் கண்ணாடிமேல் அசைந்துகொண்டிருந்தன. கடைசி அரைப்புள்ளிக்குச் சுண்டுவிரல் தானாகப் போய் விழுந்தது. தமிழ் டைப்ரைட்டிங் படித்த அவளுக்கு அந்த விசை அரைப்புள்ளி கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளி.

"இன்னொரு தடவ சொல்லுங்க பாய்."

அவர் சொன்னார். விரல்கள் போயின. த, கால், ம், ப, ர, ம்.

"தாம்பரம்" என்றாள்.

"இன்னாது?"

"தாம்பரம்னு எழுதியிருக்கு. நான் அமுக்கின கட்டை எல்லாம் அப்படியே இருக்கு பாய். உங்க மெஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியல, அதான் கட்டை மேல இருக்கற இங்கிலீஷக் காட்டுது."

நசீருதீன் திரையையும் அவள் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ மாவு பெசையற மாதிரி இன்னாவோ செஞ்ச, ஊரு பேரு வந்துச்சு" என்றார். நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனாலும் பழைய டிஸ்க்கிலேயே எழுத்துருக்கள் இருந்த இடத்தைத் தேடி, அவள் சுட்டிய ஒன்றை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் போட்டார். கோப்பை மூடித் திறந்தார்.

தமிழ் வந்தது. பக்கம் பக்கமாக வந்தது.

"நல்லவேள, ப்ரோகிராம் ஓட்டல" என்றார் அவர் மெதுவாக. பிறகு கொஞ்சம் கோபமாக, "ஓட்டச் சொல்லியிருந்தா ஓட்டியிருப்பேன்மா" என்றார்.

அவருடைய பிரிண்டர் பக்கத்துக்கு ஒரு தரம் இருமியது. நடுவில் கறுப்பு மை தீர்ந்து, எதிர்க்கடையில் கடன் வாங்கி மாட்டினார். கடைசிப் பக்கம் வரும்போது இரண்டு மணி. கோப்பையும் எழுத்துருவையும் ஒரு ஃப்ளாப்பியில் போட்டு அவள் கையில் திணித்தார். பைண்டிங் கடையில் முக்கால் மணி. ரயிலில் வழி முழுக்க ஆய்வேட்டை மடியில் வைத்துத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே போனாள். எழுத்துகள் எந்த நேரமும் மாறிவிடலாம் என்பது போல இருந்தது.

அலுவலகத்தை அடையும்போது நாலே முக்கால். கவுண்டரில் இருந்தவர் பக்கங்களைச் சரசரவென்று தள்ளிப் பார்த்தார்.

"ஃப்ளாப்பி?"

"அதுவும் வேணுமா சார்?"

"புது ரூல்மா. ஃப்ளாப்பி இல்லாம வாங்க முடியாது."

அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "சார், இத இப்படியே திறந்தா குப்ப மாதிரி தெரியும். உள்ள ஒரு எழுத்துருவும் இருக்கு. முதல்ல அத..."

"யாரும்மா இதத் தெறக்கப் போறாங்க" என்று அவர் ஃப்ளாப்பியை ஓர் அட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஆய்வேட்டின்மேல் தேதி முத்திரையைக் குத்தினார்.

மை காய்கிறவரை காந்திமதி அங்கேயே நின்றாள்.