நாற்பத்தோராயிரம் மன்னிப்புகளும் ஒரு பதிலும்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. என் செய்தி ஒன்று மூன்று நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்கு ஜப்பானில், மட்சுயாமாவில் இருக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டுப் பதினோரு கடிதங்கள் வந்தன. பன்னிரண்டாவதில் நடந்ததை விளக்கியிருந்தார்கள். மீதி நான் சேர்த்தது.

2

முதல் தொடக்கம்: "மாதோகா மழையைப் பார்த்தபடி..." [வேண்டாம். அவள் அறைக்கு ஜன்னலே கிடையாது.]

இரண்டாவது: குமோ, இசோ என்று இரண்டு சமூக வலைத்தளங்கள். ஒன்றில் எழுதுவது மற்றதில் தெரியாது. நடுவில் நின்று செய்திகளைக் கைமாற்றும் நிரலைப் பார்த்துக்கொள்பவள் மாதோகா. தாமதமானால் "மன்னிக்கவும்" என்று நிரலே சொல்லும். அது அவள் சேர்த்த மரியாதை.*

இசோ பக்கத்து நிரலும் லேசுப்பட்டதல்ல. "உங்களை மன்னிப்புக் கேட்க வைத்ததற்கு மன்னிக்கவும்" என்றது. ஒன்றுக்கு இரண்டாகப் பதில் போயிற்று. செவ்வாய்க்கிழமை மதியம் வரிசையில் நாற்பத்தோராயிரம் மன்னிப்புகள்.

* இந்த ஊரில் வழியனுப்பும்போது யார் கடைசியாகக் குனிவது என்பதில் ரயிலைத் தவறவிட்டவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

3

மாதோகாவுக்கு ஒரு தங்கை... [இழுத்து வந்ததுபோல் இருக்கிறது. இருக்கட்டும்.] ஷிஹோ. அப்பா இறந்த அன்று போட்ட சண்டை, இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. இசோவில் மட்டும் இருப்பவள். அப்பாவின் நினைவுச் சடங்குக்கு வருவாயா என்று மாதோகா கேட்டிருந்தாள். பதில் வந்துவிட்டது, மன்னிப்புகளுக்குப் பின்னால் நிற்கிறது. முறை வரும்முன் பிரிக்க முடியாது. ஐந்து மணிக்கு வரிசை நிரம்பி எல்லாம் அழிந்துபோகும்.

இசோவின் பொறியாளர் இனுசுகாவுக்குப் போன் செய்தாள்.

"சார், உங்க பக்கம் அந்த மரியாதையைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"ஐயோ, நாங்க எப்படிங்க முதல்ல நிறுத்துறது? தப்பா நினைப்பீங்க."

"நினைக்கமாட்டேங்க."

"அப்ப நீங்களே நிறுத்திடுங்க மேடம்."

"அது எங்களுக்கும் நல்லா இருக்காதுங்களே. மன்னிச்சுக்கணும்."

"நீங்க எதுக்குங்க? நானில்ல கேக்கணும்!"

இருபது நிமிஷம். வரிசையில் இன்னும் ஆறாயிரம் கூடியது.

பக்கத்து மேசை நாகி தலை தூக்கினாள். "அக்கா, மெஷினே தேவலாம். போன் பில்லாவது மிச்சம்."

நாற்பத்தேழாயிரம் மன்னிப்பில் ஒன்றுகூட அந்த அக்கா தங்கையுடையது அல்ல.

4

முடிவு ஒன்று: எல்லாம் அழிகிறது, மாதோகா தங்கை வீட்டுக்கு ரயிலேறுகி... [ரயிலைப் பற்றி நான் பேசாமலிருப்பது நல்லது.]

முடிவு இரண்டு: நாலு ஐம்பத்திரண்டுக்குத் தன் நிரலில் "மன்னிக்கவும்" சொல்லும் அந்த ஒரு வரியை அழிக்கிறாள். வாழ்க்கையில் முதல்முறையாக, மன்னிப்புக்குப் பதில் மன்னிப்புக் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறாள். காது சிவக்கிறது. வரிசை குறைகிறது. ஆயிரம். நூறு. ஒன்று.

ஷிஹோ எழுதியிருந்தது:

[நாலு முறை எழுதி, நாலு முறை அடித்தேன். அவள் எனக்குத் தங்கை இல்லை. உங்களில் யாருக்கோ இருப்பாள். இடம் விட்டிருக்கிறேன், நீங்களே நிரப்புங்கள். மன்னிப்பு மட்டும் வேண்டாம். அது கைவசம் நிறைய இருக்கிறது.]