பெண் பார்க்கப் போன விமானம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டு சோபாவில் இருந்து பார்த்திருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை ஷொப்பிங் மோலின் சாப்பாட்டுத் தளத்தில், பக்கத்து மேசைக் குழந்தை சிப்ஸைக் கொட்டிவிட்டு வீரிட்டு அழுதுகொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்குள் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் சரிவரவில்லை. அதனால் இந்த முறை என்னை ஆகாயத்தில் வைத்துக் காட்டுவது என்று அம்மா முடிவெடுத்தார்.

விளம்பரத்தை அவர் ஃபேஸ்புக்கில் பார்த்திருந்தார். ஆர்ட்மோர் திடலில் இருந்து ஐந்து பேர் ஏறக்கூடிய சின்ன விமானம். கடலையும் தீவுகளையும் சுற்றிக் காட்டி வைஹெகே தீவில் இறக்கிவிடுவார்கள். அங்கே வைன் செய்யும் ஒரு முந்திரிகைத் தோட்டத்தில் மதியச் சாப்பாடு. பின்னேரம் அதே விமானத்தில் திரும்பிவிடலாம்.

"வெலிங்டனில இருந்து வருகினம். வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணியும் வடையும் குடுத்து அனுப்புறதே? ஒரு மதிப்பா இருக்க வேண்டாமே?" என்றார் அம்மா. அப்பா வழக்கம்போல ஓம் என்றார். அப்பாவின் பெயர் விநாயகமூர்த்தி, அம்மா சரோஜாதேவி. எங்கள் வீட்டில் முடிவெடுப்பது அம்மா, ஓம் சொல்வது அப்பா, போய் நிற்பது நான்.

என் பெயர் லக்ஷிகா. வயது முப்பத்தாறு. ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பால்மா ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை, பிளாட் புஷ்ஷில் சொந்த வீடு. கல்யாணத் தரகர் ஏரம்பமூர்த்தி அண்ணர் கிளென் ஈடனில் இருந்துகொண்டு நாடு முழுக்க அனுப்பிவைக்கும் என் விபரத்தாளில் இவ்வளவும் உண்மை. உயரம் உண்மை, நட்சத்திரமும் உண்மை. நிறை மட்டும் ஐம்பத்தாறு கிலோ என்று இருக்கும். யூனியில் முதல் வருடம் அம்மை போட்டுக் கிடந்து எழும்பியபோது இருந்த நிறை அது. அதை மாற்றச் சொல்லி அம்மாவோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்துவிட்டேன்.

"எல்லாரும் குறைச்சுத்தான் போடுகினம். பொம்பிளை பாக்க வாறவை தராசும் கொண்டே வருகினம்?" என்பார்.

சிரிக்கிற மாதிரித்தான் சொல்லிக்கொண்டு போகிறேன். ஆனால் இந்த முறை எனக்குச் சிரிப்பு இல்லை. எனக்குக் கௌசிகனைப் பிடித்திருந்தது. வெலிங்டனில் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கும் எஞ்சினியர். இரண்டு மாதமாகப் போனில் கதைத்துக்கொண்டிருந்தோம். முன்னால் வந்தவர்கள் எல்லோரும் தங்களைப் பற்றியே சொன்னார்கள். இவர் என்னைக் கேட்டார். "இண்டைக்கு எந்தப் பால்மா பெயில் விட்டுது?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை உண்மையாகவே கேட்டுக்கொண்டிருப்பார். போனை வைத்த பிறகு நான் அடுப்படியில் ஒரு காரியமும் இல்லாமல் நிற்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த மனிதர் எனக்கு வேண்டும் என்று இருந்தது. இது தவறினால் இனி ஒருவரையும் பார்க்கும் தெம்பு என்னிடம் இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

விமானக் கம்பனி ஒவ்வொருவருடைய நிறையையும் கேட்டிருந்தது. அம்மா யோசித்தார். கம்பனிக்காரர் பயணிகளின் விபரத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தால்? விபரத்தாளில் ஒரு கணக்கு, விமானத்தில் ஒரு கணக்கு என்றால் மானம் போகாதா? ஆகவே எனக்கு ஐம்பத்தாறு என்றே எழுதினார். தாயைப் பார்த்துத்தான் மகள் நாளைக்கு எப்படி வருவாள் என்று கணிப்பார்கள் என்பதால் தன்னுடையதிலும் கைநிறையக் குறைத்துக்கொண்டார். கௌசிகனின் அம்மா தமயந்தி அன்ரியிடம் போனில் கேட்டபோது, அவரும் தனக்கும் மகனுக்கும் விபரத்தாள் கணக்கையே ஒப்புவித்தார். உள்ளதைச் சொன்னவர் அப்பா மட்டும். அவரிடம் குறைக்க ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை ராகுகாலம் கழியும்வரை காருக்குள் இருந்துவிட்டுத்தான் திடலுக்குள் போனோம். கௌசிகனை அன்றுதான் நேரில் கண்டேன். படத்தில் இருந்ததைவிடப் பருமன், படத்தில் இல்லாத ஒரு நல்ல சிரிப்பு. "லேட் ஆகிட்டமோ?" என்று கேட்டார். போனில் கேட்ட அதே குரல். பக்கத்தில் தமயந்தி அன்ரி பட்டுச்சேலையும் குளிர்கண்ணாடியுமாக நின்றார்.

விமானி ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை. முகம் முழுக்கப் புள்ளி, வாய் முழுக்கச் சிரிப்பு. எங்களை ஒரு பார்வை பார்த்தாள். கையிலிருந்த தாளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, ஒருமுறை நிறுத்துப் பார்ப்போமா என்று கேட்டாள். சுவரோரம், மூட்டை நிறுக்கிற மாதிரி ஒரு தட்டுத்தராசு. இலக்கம் சிவப்பாக, பெரிதாக, அறை முழுக்கத் தெரியும்படி எரிந்தது.

முதலில் அப்பா ஏறினார். சரியாக இருந்தது. அடுத்தது அம்மா. செருப்பைக் கழற்றினார், கைப்பையை அப்பாவிடம் கொடுத்தார், வளையலைக்கூடக் கழற்றப் போனார். இலக்கம் விடவில்லை, ஏறிக்கொண்டே போனது. தமயந்தி அன்ரி அதைப் பார்த்துத் தன் குளிர்கண்ணாடியைக் கழற்றினார், பிறகு தன் முறை வந்ததும் போட்டுக்கொண்டார். கௌசிகன் ஏறியபோது தொண்ணூற்றிநாலு. அவருடைய விபரத்தாளில் எழுபத்திரண்டு. கடைசியாக நான். எழுபத்திமூன்று.

ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. "சேலைப்பாரம்" என்று அம்மா மெல்லச் சொன்னார். நான் உடுத்தியிருந்தது பஞ்சாபிச் சுடிதார்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. விருந்தாளிகளுக்கென்று அம்மா ஒரு பை நிறையப் பயித்தம் பணியாரமும் முறுக்கும் சீனி அரியதரமும் கட்டி வந்திருந்தார். தீவில் நல்ல சாப்பாடு கிடைக்காது என்ற பயம். அதையும் தராசில் வைத்தார்கள். விமானி கல்குலேட்டரைத் தட்டினாள். இப்படி ஏற முடியாது, பையும் யாராவது ஒருவரும் நிற்க வேண்டும், நிற்பவர் நகரத்தில் இருந்து ஃபெரிக் கப்பலில் தீவுக்கு வரலாம் என்றாள்.

"நான் நிக்கிறன்" என்றார் அப்பா உடனே. அவள் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும், நீங்கள் போதாது என்றாள்.

அப்பாவை விட்டால் நாலு பேர். தமயந்தி அன்ரி சொன்னார்: "எனக்கு ஃபெரி சரிவராது, கடல் கண்டாலே சத்தி, தலைச்சுத்து." விருந்தாளியிடம் நில்லுங்கோ என்று எப்படிச் சொல்வது? தாயில்லாமல் பெண் பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, ஆகவே அம்மாவும் நிற்க முடியாது. மிச்சம் நானும் கௌசிகனும். அவர் ஒருவர் நின்றால் கணக்குச் சரி. எல்லோரையும்விட நன்றாகச் சரி.

நான் அவரைப் பார்த்தேன். அவர் நிற்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தை. "இது என்ன பகிடி" என்று ஒரு சிரிப்பு. போனில் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு போதும். அவர் என்னைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தை, அதுவரை விமானமே காணாதவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஃபெரியில வாறன்" என்றேன்.

"நல்லது பிள்ளை" என்றார் அம்மா. அவர் முகத்தில் வந்த ஆறுதலைக் கண்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப உந்தப் பையையும் கொண்டு வாவன்."

பெண் பார்க்கப் போன விமானம் பெண்ணை விட்டுவிட்டுப் போனது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் பணியாரப் பையோடு நின்று பார்த்தேன். நல்ல வெயில், அழகாகத்தான் எழும்பியது. நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருக்கவும் வேண்டும். ஆனால் நெடுஞ்சாலைக்கு ஏறியதும் கார் நகரப் பக்கம்தான் திரும்பியது. பாவம், தாய்க்கு முன்னால் என்ன செய்வார், தனியே கண்டால் கதைப்பார் என்று நானே அவருக்காக வாதாடிக்கொண்டு போனேன். சனிக்கிழமை நெரிசலில் அத்தனை சிவப்பு விளக்குகளிலும் வாதாடினேன்.

தோட்டத்தைச் சேர்ந்தபோது அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மலைச்சரிவில் வரிசை வரிசையாக முந்திரிகைக் கொடி, கீழே நீலக் கடல். எனக்கென்று ஒரு தட்டில் ஆறிப்போன பூசணிக்காயும் ஏதோ இலையும் மூடி வைத்திருந்தார்கள். தமயந்தி அன்ரி வைனில் ஒரு வாய் பார்த்திருப்பார் போல. "முந்திரிகைச் சாறுதானே" என்றார், கன்னம் சிவந்திருந்தது.

"பிள்ளை நல்லாக் களைச்சுப்போனா" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். பரிதாபம் நல்ல குறியில்லை. வேண்டாம் என்று சொல்லப்போகிறவர்கள்தான் அன்பாக இருப்பார்கள், இது என் அனுபவம். அம்மாவுக்கு அது தெரியவில்லை. மேலே இருந்து பார்த்த தீவுகளைப் பற்றி நிற்காமல் கதைத்துக்கொண்டிருந்தார். கௌசிகன் என் கிளாஸுக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்தேன். அவர் திரும்பவும் ஊற்றினார்.

திரும்பும் நேரம் வந்தது. விமானத்தின் கணக்கு மாறப்போவதில்லை என்பதால் நானே பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அப்போது கௌசிகன் கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"நான் லக்ஷிகாவோட ஃபெரியில வாறன், அம்மா."

தமயந்தி அன்ரியின் வாய் திறந்தபடி நின்றது. அப்பா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அம்மா என் பக்கத்தில் வந்து, கலையாத என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். இவ்வளவு காலத்தில் எனக்காக ஒருவர் கதிரையைவிட்டு எழும்பியது அன்றுதான்.

ஃபெரியின் மேல்தட்டில், காற்றுக்கு மறைவாக ஒரு வாங்கில் இருந்தோம். நான் பையைத் திறந்து பணியாரம் கொடுத்தேன். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், கடிக்கவில்லை.

"போனில சொன்னால் மரியாதையில்லை. அதுதான் வந்தனான்" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன். "என்ர நிறையோ?"

"ஐயோ, இல்லை. நானே தொண்ணூற்றிநாலு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "காலமை நீங்கள் என்னைப் பாத்தனீங்கள். நான் வாய் திறக்கேல்லை. திறக்க வேணும் எண்டு தெரியும், ஏலாமல் போச்சு. எனக்கு முப்பத்தொன்பது வயசு, லக்ஷிகா. அம்மாவுக்கு முன்னால எனக்கு எப்பவும் இப்பிடித்தான். உங்களை வேண்டாம் எண்டு அம்மா முடிவெடுத்திட்டா. சாப்பிடேக்க எனக்கு மட்டும் கேக்கச் சொன்னவ. அதுக்கும் நான் ஒண்டும் சொல்லேல்லை."

"இப்ப எழும்பி வந்தியள்தானே?"

"இதுக்குத்தான் வர முடிஞ்சுது."

எனக்குக் கோபம் சட்டென்று வரும், வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குப் பதிலாக நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

"பரவாயில்லை. எனக்காக நீங்கள் ஒரு இடத்திலயும் வாய் திறக்க வேண்டாம். நான் சமாளிப்பன். போனில கதைக்கிற மாதிரி வீட்டில என்னோட கதைச்சால் காணும்."

அவர் அழுதார். பெரிய மனிதர், கையில் பணியாரத்தோடு, சத்தமில்லாமல் அழுதார். "அதைத்தான் நீங்கள் கேக்கக் கூடாது" என்றார். "என்னை ஓம் எண்டு சொல்ல வையாதேங்கோ. சொல்லிப்போட்டு, நாளைக்கு அம்மா கேக்கேக்க மாத்திச் சொல்லிப்போடுவன்."

அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. நான் பையைக் கட்டினேன். நகரத்தின் கட்டடங்கள் கிட்ட வந்துகொண்டிருந்தன.

போன் அடித்தது. அம்மா. அவர்கள் ஆர்ட்மோரில் இறங்கிவிட்டார்கள். பின்னால் விமானத்தின் இரைச்சலும் அப்பாவின் இருமலும் கேட்டன. தமயந்தி அன்ரிக்குக் கேட்காதபடி வாயைக் கையால் மூடியிருப்பார் போல, அம்மா கிசுகிசுத்தார்.

"பிள்ளை, பக்கத்தில இருக்கிறாரோ?"

"ஓம்."

"எனக்குத் தெரியும். எழும்பி வந்தாரே, அப்பவே தெரியும். தாய் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறா, இருக்கட்டும். ஏரம்பமூர்த்தி அண்ணைக்கு இப்பத்தான் போன் பண்ணி, சரிவந்திட்டுது எண்டு சொன்னனான். அப்பா அழுறார், பிள்ளை. உனக்குச் சந்தோசம்தானே?"

அம்மாவின் கிசுகிசுப்பு அப்படித்தான், கௌசிகனுக்கும் எல்லாம் கேட்டது. அவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அம்மா" என்றேன்.

"சரி, சரி, நீங்கள் கதையுங்கோ. நான் குறுக்க வரேல்லை" என்று சொல்லிவிட்டு, அம்மா அவசர அவசரமாகப் போனை வைத்தார்.