கெட், டேக், புட்

அகராதிக்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் நண்டு சிண்டுகூடக் கை நீட்டிக் காட்டிவிடும். அவர் மனைவிக்கு மட்டும் அந்தப் பட்டத்தின் மேல் அவ்வளவு மரியாதை கிடையாது. "ஆபீசுல அகராதி எழுதுவாரு, வீட்டுக்கு வந்தா அகராதி புடிச்சுப் பேசுவாரு," என்பாள்.

ஆங்கிலத்தின் குட்டிச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுவதுதான் அவர் வேலை. வாய் கொள்ளாத நீளச் சொற்களை மற்றவர்கள் தட்டிக்கொண்டு போவார்கள். அதற்கெல்லாம் பெரும்பாலும் ஒரே பொருள். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டு ஊர்வம்பு பேசலாம். இவர் தலையில் கட்டியது 'கெட்', 'டேக்', 'புட்', 'ரன்'. பார்க்கத்தான் பொடிசு, உயிரை வாங்கிவிடும். கடிதம் கிடைத்தாலும் கெட், காய்ச்சல் கண்டாலும் கெட், பேருந்தில் ஏறினாலும் கெட், சொன்ன ஜோக் புரிந்தாலும் கெட். அந்த அலுவலகத்தில் ஒரு சட்டம் வேறு: எல்லாப் பொருளும் சேராமல் ஒரு சொல்கூட அச்சுக்குப் போகக் கூடாது.

அச்சுக்கு அது நல்ல சட்டம்தான். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாரே மனுஷன், அதுதான் வினையாகப் போயிற்று.

வெளிநாட்டில் இருந்த மகன், தமிழே தெரியாத ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். மனைவி அன்று மாலையே அவர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க. அந்தப் பொண்ணு வந்தா வாம்மா, உட்காரு, சாப்பிடுன்னு நானே சொல்லணும்."

சொல்லிக் கொடுத்தார். கெட்டில் ஆரம்பித்தார். மறுநாள் காலை அவள் முகமெல்லாம் சிரிப்பாக டம்ளரோடு வந்து, "ஐ கெட் டீ ஃபார் யூ!" என்றாள்.

"சரி, இது ஒரு பொருள். மீதியைச் சொல்லு."

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள்.

"மீதி தெரியாம பேசினா அரைகுறைன்னுதான் நினைப்பாங்க. முதல்ல எல்லாத்தையும் கத்துக்கோ, அப்புறம் வாயைத் திற."

திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் தினமும் இதே கதை. அவள் ஒன்று சொன்னால் இவர் மீதியைக் கேட்பார். கெட் முடிவதற்குள் டேக் வந்துவிட்டது. ஒருநாள் அவள் நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். "இந்த வயசுல எனக்கெதுக்குங்க அதெல்லாம்?" என்றாள். அப்பாடா, இனி நம் வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தார் அவர். பாவி மனுஷன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

மகனும் மருமகளும் விடுமுறைக்கு வந்தார்கள். நல்ல பெண். சமையலறையை விட்டு நகராமல் மாமியார் கழுவிய தட்டுகளை வாங்கித் துடைத்தாள், ஏதேதோ கேட்டாள். மாமியார் சிரித்துவிட்டுப் புருஷனைத் தேடுவாள். அவர் ஓடிப்போய் மொழிபெயர்ப்பார். ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பியவர் சமையலறை வாசலில் நின்றார். உள்ளே இருவரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி மருமகளைப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இவரைப் பார்த்துவிட்டாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டு கிழங்கைக் குனிந்து பார்த்தாள்.

கிளம்பும் நாளன்று, மகன் காரில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மருமகள் அவரைத் தனியாக அழைத்தாள். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று புரிகிறது, அது அம்மாவின் தவறில்லை, அடுத்த முறை மகனை மட்டும் அனுப்புகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஆயுசு முழுக்க ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவர் 'நோ, நோ' என்பதற்கு மேல் ஒன்றும் வராமல் நின்றார். கார் போய்விட்டது.

"உங்களைத் தனியா கூட்டிட்டுப் போய் என்ன சொன்னா?" என்றாள் மனைவி.

மறைக்க மனசு வரவில்லை. சொன்னார்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பிடிக்கலையா? எனக்கா? ஐயோ, அவகிட்ட சொல்லணும்னு ஒண்ணு தயார் பண்ணி வச்சிருந்தேங்க. தினம் குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்."

"என்னது? சொல்லு."

அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "யூ ஆர் மை டாட்டர். கம் ஹோம் சூன்." பிறகு மெதுவாகக் கேட்டாள், "சரியா?"

"சரிதான்."

"அப்போ சரியாத்தான் இருந்துச்சா?"

அவருக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவசர அவசரமாக மருமகளுக்குப் போன் போட்டு மனைவி கையில் திணித்தார். மறுமுனையில் 'ஹலோ' கேட்டது. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். தான் அங்கே நிற்பதுதான் இடைஞ்சல் என்று அவருக்கு இப்போதாவது உறைத்தது. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அவள் போனை நீட்டினாள்.

"சொல்லிட்டியா?"

"இல்லைங்க. அவ ஹலோ ஹலோன்னு கேட்டுட்டு வச்சுட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கபாட்டுக்கு வெளிய போயிட்டீங்களே. நான் தப்பா சொல்லிட்டா யாருங்க திருத்துவாங்க?"