அப்பா பெயரில் ஒரு நத்தை

1

இந்தக் கதை மருந்துக்கடை வரிசையில் பிறந்தது. முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, "என் பேர்ல ஒரு கடல்நத்தை இருக்கு சார்" என்றார். இடம் அப்படி, ஏதோ வியாதி என்று நினைத்து, "இப்போ எப்படி இருக்கு?" என்று விசாரித்துத் தொலைத்தேன். மாத்திரை வருவதற்குள் பாதிக் கதை வந்துவிட்டது. மீதி என் கைச்சரக்கு.

2

'ஆழ்கடலின் மௌனத்தில், காலத்தின் மடியில், ஒரு சிறு—'

(வேண்டாம். இப்படி எழுதுகிறவர்களைக் கேலி செய்தே பிழைப்பை ஓட்டியவன் நான்.)

அவருடைய மகள் அருங்காட்சியகத்தில் சங்கு, சிப்பிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். நகமளவே இருந்த சில மெல்லிய ஓடுகளைப் புது இனம் என்று அறிவித்து, அப்பாவின் பெயரை வைத்தாள். அருங்காட்சியக இயக்குநர் விழா எடுத்து, தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினார். நத்தையைப் பற்றியும் ஒரு வரி சொன்னார்.*

"பேர் சொல்ல ஒரு பையன் இல்லையே" என்று ஆயுசு முழுக்க அவள் காதுபடப் புலம்பிய அப்பா அன்றோடு வாயை மூடினார். இல்லை, அன்றுதான் திறந்தார். பல் டாக்டர்கூடத் தப்பவில்லை.

* அந்த வரியும் தப்பு.

3

பிறகு அந்த இனத்து நத்தை ஒன்று உயிரோடு கிடைத்தது. மேசைமேல் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தாள். அது வளர்ந்ததுதான் வினை. ஓட்டின் உதடு உள்ளே சுருண்டது, ஓரத்தில் பல் வரிசை முளைத்தது. சோழி! குழந்தைகூட அடையாளம் சொல்லும் சாதாரணச் சோழி. குட்டிச் சோழிக்கு முகமே வேறு. அதைப் பார்த்து ஏமாந்திருக்கிறாள். சோழிக்கு ஏற்கெனவே பெயர் உண்டு; உண்மையைச் சொன்னால் அப்பாவின் பெயர் செல்லாது.

இங்கே எனக்கே குழப்பம். அவளை நேர்மையானவளாகத்தான் எழுதினேன். பிறகு ஏன் இயக்குநர் அறை வாசல்வரை போய்ப் போய்த் திரும்புகிறாள்? நான் எழுதாமலே திரும்புகிறாள்.

4

ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டு, நத்தையைப் பார்க்க அருங்காட்சியகத்துக்கே வந்துவிட்டார்.

"நான் எங்கடி?"

"அதோ, கல்லு பக்கத்துல."

உயிருள்ள சோழி தன் சதையையே ஓட்டின்மேல் போர்த்திக்கொள்ளும். நல்லவேளை, ஓடு தெரியவில்லை.

"என்னடி, கந்தல் போர்வைக்குள்ள கெடக்கேன்! தொட்டா விலக்குவேனா?"

பொய் அவளுக்கு வராது. "ம்... விலக்கும்." அடுத்த நொடி, "லென்ஸ் எடுத்துட்டு வரேன்பா" என்று வெளியே போனாள். லென்ஸ் கையிலேயே இருந்தது.

அப்பா சட்டைக் கையை மடித்தார்.

5

முடிவு ஒன்று: தொடுகிறார், பார்க்கிறார், 'நீ வச்ச பேரே போதும்மா' என்று நெகிழ்ந்து— (அடித்துவிட்டேன். அவரை வரிசையில் பார்த்தவன் நான்.)

முடிவு இரண்டு: தொடவேயில்லை. தண்ணீர் சில்லென்று—

சரி, மறைத்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையோடு கிளம்பும்போது பெரியவர் என் காதருகில் குனிந்து, "நேர்லயும் பாத்துட்டேன் சார். என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். எதை என்று கேட்பதற்குள் படியிறங்கி, எதிரே வந்தவரை நிறுத்தி, "என் பேர்ல ஒரு கடல்நத்தை..." என்று ஆரம்பித்துவிட்டார்.

அந்த 'எதை'க்குத்தான் இவ்வளவும் எழுதிப் பார்த்தேன். பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் எனக்குச் சொல்லுங்கள். அவளிடம் வேண்டாம்.